புது வரவு அலமாரி

கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சின்ன அலமாரி இருக்கும். 'புது வரவு' என்று ஒரு வெள்ளைத்தாளில் அச்சடித்து மேலே ஒட்டியிருப்பார்கள். பத்து, இருபது புத்தகங்கள். சில கல்லூரிகளில் பக்கத்திலேயே நாலைந்து சினிமா டிவிடிகளும் இருக்கும். பாதி மாணவர்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் பாடப்புத்தக வரிசைக்குப் போய்விடுவார்கள். பரீட்சை அவசரம் அப்படி.

ஆனால், அந்த அலமாரிக்காகவே வருகிறவர்களும் உண்டு. திண்டுக்கல் கல்லூரிகளுக்கு வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் ஏராளம். அப்பா மில்லுக்குப் போவார். அம்மா விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போவார். வீட்டில் காலண்டரும் ரேஷன் கார்டும் தவிர அச்சடித்த காகிதமே இல்லாத குடும்பங்களிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். இன்று ஒரு தடித்த நாவலின் விலை, அந்த வீட்டில் ஒருவருடைய ஒருநாள் கூலிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதைக் கடையில் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்க முடியாது. நூலகத்தில் கையெழுத்துப் போட்டால் கிடைத்துவிடும்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வேலை இருக்கிறது.

ஒரு புத்தகம் உள்ளே வருகிற வழி

துறைத் தலைவர்கள் பட்டியல் கொடுப்பார்கள். நூலகக் குழு கூடி, இருக்கிற பணத்துக்குள் அதை வெட்டிச் சுருக்கும். கடைக்காரர்களிடம் கொட்டேஷன் கேட்டு, எவ்வளவு தள்ளுபடி என்று பார்த்து ஆர்டர் போடுவார்கள். பெட்டி வந்ததும் பில்லோடு ஒப்பிட்டு, கிழிந்த பக்கம், விடுபட்ட பக்கம் உண்டா என்று புரட்டிப் பார்ப்பார்கள். பிறகு பெரிய பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரிசை எண். கல்லூரி முத்திரை, முதுகில் எண் ஒட்டிய லேபிள், உள்ளே தேதி போடுகிற சீட்டு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அது அலமாரிக்கு வரும்.

முதுகில் ஒட்டுகிற எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. பல கல்லூரிகள் பின்பற்றுகிற டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சினிமாவுக்கு 791.43. பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்த நாவல். அதைத் தழுவி எடுத்த 'அசுரன்' 2019-ல் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையிலிருந்து 1979-ல் மகேந்திரனுக்கு 'உதிரிப்பூக்கள்' கிடைத்தது. நூலகத்தின் நிரந்தர வரிசையில் கதை ஒரு மூலையிலும், சினிமா இன்னொரு மூலையிலும் போய்விடும். இரண்டும் தோளோடு தோள் நிற்கிற ஒரே இடம் புது வரவு அலமாரிதான். படத்தைப் பார்த்தவர் கதையை எடுப்பதும், கதையைப் படித்தவர் படத்தைத் தேடுவதும் அங்கேதான் நடக்கும். 'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்த 2022, 2023-ல் கல்கியின் ஐந்து பாகங்களைத் தேடி எத்தனை இளைஞர்கள் நூலகத்துக்குப் போனார்கள் என்பது நூலகர்களைக் கேட்டால் தெரியும்.

நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கிற ஓர் உயிர் என்று சொன்னவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். புது வரவு நின்றுபோன நூலகம் அவர் கணக்கில் வளர்ச்சி நின்றுபோன உயிர்.

தோளில் மூட்டையோடு வந்தவர்

கல்லூரி நூலகம் புத்தகம் வாங்குவது வாசகருக்கு மட்டும் உதவுகிற காரியம் அல்ல. எழுதினவரையும் அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. இதற்குத் திண்டுக்கல் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறார்.

திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வத்தலக்குண்டு. இந்தச் சின்ன ஊரிலிருந்து தமிழ் இலக்கியத்துக்கு மூன்று பெரிய பெயர்கள் கிடைத்தன. முதலாமவர் பி.ஆர்.ராஜமய்யர். 1872-ல் பிறந்து, 1898-ல் இருபத்தாறு வயதில் மறைந்தவர். அதற்குள் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டார். தமிழின் ஆரம்பகால நாவல்களில் முக்கியமான ஒன்று அது. இரண்டாமவர் 'மணிக்கொடி' காலத்து பி.எஸ்.ராமையா. மூன்றாமவர் சி.சு.செல்லப்பா. பிறந்தது சின்னமனூர் என்றாலும் வளர்ந்தது வத்தலக்குண்டில்.

செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கதை, விமர்சனம், புதுக்கவிதை ஆகியவற்றுக்கான பத்திரிகை. லட்சக்கணக்கில் விற்கிற பத்திரிகை இல்லை. அவருடைய நோக்கமும் அது இல்லை. தமிழில் புதுக்கவிதை காலூன்றியதற்கு 'எழுத்து' ஒரு முக்கியக் காரணம் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பதிப்பாளர்கள் தொடத் தயங்கிய புத்தகங்களை அவரே கைப்பணம் போட்டு அச்சிட்டார். அச்சிட்டாகிவிட்டது, யார் வாங்குவது?

கதர் வேட்டி, கதர் சட்டையோடு புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். தமிழ்த் துறையில் பேசுவார், நூலகத்தில் காட்டுவார், மாணவர்களிடம் விற்பார். வாங்கினால் சந்தோஷம். வாங்காவிட்டால் கட்டை மறுபடி கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவருக்கு வெயிலும் பஸ்ஸும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஆனால் அந்தக் கட்டின் கனம் கனம்தானே!

அந்த நாட்களில் ஒரு நூலகர், 'சரி, ஒரு பிரதி வைத்துவிட்டுப் போங்கள்' என்று சொன்னது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம். அச்சடித்த சில நூறு பிரதிகளில் வீடுகளுக்குப் போனவை வெள்ளையடிக்கும்போதும் வீடு மாறும்போதும் காணாமல் போகும். நூலகப் பதிவேட்டில் எண் ஏறிய பிரதிக்கு அந்த விதி சுலபத்தில் வராது. கேட்க ஆள் இருக்கும், கணக்கு இருக்கும்.

செல்லப்பாவின் 'வாடிவாசல்' மிகச் சிறிய புத்தகம். அப்பாவைக் கொன்ற காளையை அடக்க வருகிற பிச்சியின் கதை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஊர் ஜல்லிக்கட்டைப் பார்த்து வளர்ந்த மாணவனுக்கு, 'நம் ஊர் விஷயத்தை இப்படியும் எழுத முடியுமா' என்று தோன்றவைக்க அது ஒன்று போதும். அவர் கடைசிக் காலத்தில் எழுதிய 'சுதந்திர தாகம்' மூன்று பெரிய பாகங்கள். அதையும் சொந்தமாகத்தான் வெளியிட்டார். 1998-ல் அவர் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது 2001-ல் வந்தது. வாங்க அவர் இல்லை.

படச்சுருளுக்கு வீடு இல்லை

புத்தகத்துக்காவது இப்படி ஒரு வழி இருந்தது. சினிமாவுக்கு அதுவும் இல்லை.

வத்தலக்குண்டு ராமையாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகதைக்காரராக அறியப்பட்டவர் சினிமாவிலும் வேலை செய்தார். அவருடைய 'போலீஸ்காரன் மகள்' நாடகத்தை ஸ்ரீதர் 1962-ல் படமாக்கினார். 'மணிக்கொடி காலம்' நூலுக்காக 1982-ம் வருட சாகித்ய அகாதமி விருது பெற்றார். இவருடைய புத்தகத்தையும் படத்தையும் ஒரே அலமாரியில் வைப்பதுதான் முறை. ஆனால், கல்லூரி நூலகம் சினிமா வாங்குவதை ஆடம்பரமாகவே நம்மில் பலர் நினைத்து வந்திருக்கிறோம்.

அதற்கு நாம் கொடுத்த விலை பெரியது. தமிழில் எடுத்த முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. பழைய படங்களைத் தேடிச் சேர்க்கப் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். அதற்குள் போனது போனதுதான்.

இதில் மனதை அதிகம் பிசைவது ஏ.கே.செட்டியாரின் கதை. காரைக்குடி பக்கத்துக் கோட்டையூர்க்காரர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் வாங்கியவர். காந்தி உயிரோடு இருக்கும்போதே அவரைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று கிளம்பினார். யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ காந்தியைப் படம் பிடித்திருந்தார்கள். அவற்றைத் தேடிக் கப்பலிலும் ரயிலிலுமாகச் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். சுமார் 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். படம் 1940-ல் தமிழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் காணாமல் போய்விட்டது. தமிழ்நாட்டில் எங்கே தேடியும் இல்லை. 2000-களில் வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி விடாமல் தேடியதில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஒரு பிரதி இருப்பது தெரிந்தது. 1953-ல் ஹாலிவுட்டில் தயாரான ஆங்கில வடிவத்தின் சுருக்கம் அது. 1940-ல் நம் தாத்தா பாட்டிகள் கொட்டகையில் பார்த்த தமிழ்ப் படம் அல்ல. ஒரு தமிழர் எடுத்த காந்தி படத்தைப் பத்திரமாக வைத்திருந்தது கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகம்.

திண்டுக்கல்–மதுரை சாலையில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்தி பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனமாக, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறபோது செட்டியாரின் படத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1940-களில் நம் ஊர்க் கல்லூரிகள் சில ஆளுக்கொரு பிரதி வாங்கி வைக்கிற வழக்கம் இருந்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

'எல்லாம்தான் போனில் இருக்கே!'

இப்போது இதையெல்லாம் வாங்கி வைப்பானேன் என்று கேட்கலாம். பாதி உண்மைதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே படிக்கலாம். ஆனால், போன மாதம் வந்த நாவல் அங்கே இருக்காது. அதற்குக் காப்புரிமை உண்டு. அதைக் காசு கொடுத்து வாங்குகிற நூலகம் வேண்டும்.

சினிமாவில் சிக்கல் இன்னும் அதிகம். ஓடிடியில் இன்று இருக்கிற படம், ஒப்பந்தம் முடிந்தால் நாளை இருக்காது. சந்தா தனிநபர் பெயரில்தான். கல்லூரி நூலகம் அதை வாங்கி அலமாரியில் வைத்து மாணவர்களுக்கு இரவல் தர முடியாது. டிவிடி வாங்கலாம் என்றால், புது லேப்டாப்பில் அதைப் போட இடமே இல்லை. நூலகத்தில் ஓடுகிற நிலையில் ஒரு பிளேயரும் சேர்த்து வாங்கி வைத்தால்தான் அந்த டிவிடிக்கு மதிப்பு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு படத்தைத் திரையிட்டால், அதைக் காப்புரிமை மீறலாக 1957-ம் வருடச் சட்டம் கருதுவதில்லை. அதனால் மாதம் ஒரு படம், கூடவே அதன் மூலக்கதை என்று நூலகமே ஏற்பாடு செய்யலாம். 'சிற்றன்னை' படித்துவிட்டு வந்து 'உதிரிப்பூக்கள்' பார்க்கிற வகுப்பில் தூங்குகிற மாணவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

கேட்டால்தான் வரும்

வருஷா வருஷம் பணம் குறைவு என்ற பேச்சு எல்லா நூலகத்திலும் உண்டு. அந்தக் குறைந்த பணமும் வழிகாட்டிகளுக்கும் வினா–விடைப் புத்தகங்களுக்கும் போய்விடுவதற்கு ஒரு காரணம், வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. பல நூலகங்களில் 'தேவைப்படும் புத்தகங்கள்' என்று ஒரு நோட்டு இருக்கும். பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஒரே புத்தகத்தின் பெயரைப் பத்துப் பேர் அதில் எழுதிவிட்டால் நூலகக் குழுவில் அதைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற வீடுகளில், மார்க் என்ன, அட்டெண்டன்ஸ் என்ன என்று கேட்கிறோம். லைப்ரரியில் இந்த மாசம் புதுசா என்ன வந்திருக்கு என்றும் ஒரு தடவை கேட்கலாம். பதில் தெரியாவிட்டால், அடுத்த நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். நோட்டில் எழுத முதல் பெயர் தோன்றவில்லை என்றால் 'வாடிவாசல்' என்று எழுதச் சொல்லுங்கள். வத்தலக்குண்டுக்காரரின் புத்தகம் திண்டுக்கல் கல்லூரி அலமாரிக்கு இந்தத் தடவை பஸ்ஸில் மூட்டையாக வர வேண்டியதில்லை.