இறால் பிடிக்கும் தீவு

எழுபது வயதுக்கு மேல் புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. தோற்றுப் போனால் யாரும் பரிகசிப்பதில்லை, "இந்த வயதில் இவ்வளவு தூரம் வந்தாரே!" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சலுகையை நம்பித்தான் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற மாய ராஜ்யத்தில் நான் காலடி வைத்தேன். இனிமேல் அங்கே புகப்போகும் வாசகர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் உலவும் கற்பனை உலகம் அது. விக்கிரமாதித்தன் கதையைப் படிப்பதற்குப் பதிலாக அதற்குள்ளேயே நுழைந்து ஒரு பாத்திரமாக நடமாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வம்சத்தின் மூலபுருஷர்கள் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும். 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக் கழகத்தில் அவர்கள் ஆரம்பித்த 'மட்' என்ற விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். ரூன்ஸ்கேப் 2001-ல் பிறந்தது. அதன் பழைய வடிவத்தை 2013-ல் மறுபடி திறந்தார்கள். கைபேசியிலேயே ஆடலாம். காசு கொடுக்காமல் ஆடக்கூடிய பகுதியே ஆரம்பக்காரருக்குத் தாராளம்.

புதியவரை முதலில் ஒரு பயிற்சித் தீவில் இறக்கிவிடுகிறார்கள். அங்கே கற்றுத்தரும் முதல் தொழில்களில் ஒன்று, சிறு வலையால் இறால் பிடிப்பது! தூத்துக்குடிக்காரனுக்கு இறால் பிடிக்க வெள்ளைக்காரன் கற்றுத் தருகிறானே என்று சிரித்துக்கொண்டேன். ஆனாலும் தீவை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். விறகு வெட்டுவது, தீ மூட்டுவது, சமைப்பது எல்லாம் பின்னால் உயிர் காக்கும் வித்தைகள்.

அடுத்தது, பொறுமை. ஒவ்வொரு தொழிலுக்கும் 99 படிகள். உச்சிக்குப் போக 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், 92-ஆம் படியில் நிற்பவன் ஏறக்குறைய பாதி வழிதான் வந்திருக்கிறான்! ஆகையால் உச்சியை நினைத்து ஏங்காமல், இன்றைக்கு வெட்டிய மரத்தோடு திருப்தி அடையப் பழக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருக்கவும் பழக வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை. பையில் 28 பொருள்கள்தான் கொள்ளும். இழந்தால் வருத்தம் தராததை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அங்குள்ள வங்கியில் போட்டுவிட வேண்டும். வடக்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள காட்டில் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று பொருளைப் பறிக்கலாம். எனக்குக் குருவாக வாய்த்தவன் என் தங்கையின் பேரன். "தாத்தா, அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போயிராதீய. பொன்னை ரெட்டிப்பாக்கித் தாரேன்னு எவனாவது சொன்னா நம்பிராதீய" என்பது அவனுடைய முதல் உபதேசம். வெளியுலகத்துக்கும் பொருந்தும் உபதேசம்தான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-ல் பாராளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. நான் சொல்லும் விளையாட்டு சூதாட்டம் அல்ல. ஆனால் அதிலும் நிஜப் பணத்துக்குப் பொன் விற்க வருகிறவர்கள் உண்டு. அது விளையாட்டின் விதிக்கே விரோதம். கிட்டப் போகாதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: தனியே போகாதீர்கள். இதை எங்கள் கடற்கரை என்றோ அறிந்திருந்தது. முத்துக் குளிக்கிறவன் கயிறு கட்டிய கல்லின் மேல் காலை வைத்துக் கடலடிக்கு இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, அது எப்போது அசையும் என்று காத்திருப்பான். அந்த வேலைக்கு மைத்துனனை நிறுத்துவது வழக்கம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கையின் தாலி கயிற்றின் மறுமுனையில் இருக்கும்போது கை தளருமா? மாயத்துக்கும் இங்கே குறைவில்லை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல் கட்டி'க்குப் பிடித்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். 1961-ஆம் வருஷத்துச் சலாபத்தோடு இந்தக் கரையில் அரசாங்க முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. கயிறு பிடிக்கும் ஆளின் அவசியம் மட்டும் ஓயவில்லை.

என் தங்கையின் பேரன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் தாயார் காலமான பிறகு, டெலிபோனில் அவனிடமிருந்து எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் "சாப்பிட்டேன்", "நல்லாருக்கேன்" என்ற இரண்டு வார்த்தைகளே. அவனைப் பேச வைக்க வேறு வழி தெரியாமல்தான் இந்த விளையாட்டுக்கு என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டேன். லம்ப்ரிட்ஜ் என்ற ஊருக்கு வெளியே இருவருமாக மரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், திரையில் அவனுடைய எழுத்து தோன்றியது: "அம்மா வைக்கும் இறால் குழம்பு ஞாபகம் வருது தாத்தா."

"எனக்கும்தான்" என்று பதில் போட்டேன். அதற்கு மேல் எழுத எனக்கு ஓடவில்லை. அவன் எழுதினான், வெகுநேரம். நான் மரத்தை வெட்டிக்கொண்டே படித்தேன்.

ஆகவே, ஆரம்பிக்கப் போகிறவர்களே, எந்த வாள் நல்லது, எந்தக் கவசம் உசத்தி என்று பிறகு விசாரிக்கலாம். கடலில் இறங்கியிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் யார் என்று முதலில் பாருங்கள். கயிறு அசைகிற வேளையில் உங்கள் கை அதன் மேல் இருக்கட்டும்.