சுரங்கத்தின் மறுமுனை யாருடையது?



ஆறாம் ஆண்டு மாணவர்கள்கூட இன்று ‘வி.பி.என்.’ என்ற சொல்லை இயல்பாகப் பயன்படுத்துகின்றனர். தடுக்கப்பட்ட விளையாட்டுத் தளத்தைத் திறந்துவிடும் இலவசச் செயலி என்பதே அவர்கள் அறிந்த பொருள். உண்மையில் அது எதற்காகப் பயன்பட்டது? தொலைபேசிவழி இணையக் காலத்தை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மலேசிய இல்லங்களுக்கு 1990களில் ஜாரிங், டிஎம்நெட் ஆகியவற்றின் வழியாக இணையம் வந்தது. டிஎம்நெட் என்றால் மோடத்தின் வழி 1515 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கீச்சொலிகள் அடங்கிய பிறகே இணைப்புக் கிடைக்கும். உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அதாவது, 7 கிலோபைட். அனுப்பும் வேகமோ 33.6 கிலோபிட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றை அனுப்ப அன்று 12 நிமிடமாவது ஆகியிருக்கும்.

அக்குறுகிய பாதைக்குள் ஒரு சுரங்கம் அமைக்கும் வேலையை 2003ஆம் ஆண்டில் நேரில் கண்டேன். என் அண்ணன் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றினார். மாத இறுதியில் சம்பளப் பட்டியலை வீட்டிலிருந்தே சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருவரும் சேர்ந்து இரண்டு இணைப்புகளை உருவாக்கினோம். முதலாவது, இணையச் சேவைக்கான தொலைபேசி இணைப்பு. இரண்டாவது, அதன்மேல் ஏறி அலுவலக வழங்கியைச் சென்றடையும் வி.பி.என். இணைப்பு. இரண்டிற்கும் தனித்தனிக் கடவுச்சொற்கள். வீட்டில் யாரேனும் தொலைபேசியை எடுத்துவிட்டால் இரண்டும் அறுந்துபோகும்!

சுரங்கம் வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திற்கும் மேலுறை ஒன்று கூடுதலாகச் சேரும். அந்தச் சுமையையும் 56 கிலோபிட்டுக்குள்தான் இழுக்க வேண்டும். ஆகவே, அமைப்பில் ஒரு குறியீட்டை நீக்கி, அலுவலகக் கோப்புகள் மட்டும் சுரங்கத்தின் வழியும் மற்றவை நேர்வழியிலும் செல்லுமாறு செய்தோம்.

இவ்வளவு தொல்லை எதற்கு? பிறருடைய சம்பள விவரம் வழியில் எவர் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக. சுரங்கத்தின் மறுமுனையில் இருந்தது அண்ணனின் சொந்த அலுவலகம். அதை அவர் அறிவார். அதுவும் அவரை அறியும். இதுதான் வி.பி.என். அமைப்பின் உயிர்நாடி.

இலவசச் செயலியில் இந்த உயிர்நாடியே காணாமல் போகிறது. மாணவரின் கைப்பேசியிலிருந்து புறப்படும் போக்குவரத்து பெரும்பாலும் முழுமையாகவே, முகம் தெரியாத ஒருவரின் வழங்கிக்குச் செல்கிறது. எந்தெந்தத் தளங்களுக்குப் பிள்ளை செல்கிறது என்பதை வழியில் இருப்பவர் பார்க்க முடியாமல் போகலாம். சுரங்கத்தின் உரிமையாளர் பார்க்கலாம். பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது?

பூட்டுக்கும் ஆயுள் உண்டு. அக்காலத்தில் பரவலாக இருந்த பி.பி.டி.பி. முறையின் கடவுச்சொல் பாதுகாப்பை உடைக்க முடியும் என்பது 2012இல் வெளிப்படையாக மெய்ப்பிக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2016இல் அம்முறையைத் தன் இயங்குதளங்களிலிருந்து நீக்கியது.

ஆசிரியர்களாகிய நம்மிடமும் சம்பளப் பட்டியலுக்கு நிகரான செய்திகள் உள்ளன: மாணவரின் அடையாள எண், மதிப்பெண், உதவித்தொகைக்காகப் பெற்றோர் நம்பித் தந்த வருமான விவரம். அவற்றைப் புலனக் குழுக்களில் பகிர்வதைத் தவிர்ப்போம். இலவச வி.பி.என். செயலி இயங்கும் கைப்பேசியில் அவற்றைத் திறக்காதிருப்போம்.

பெற்றோர்களே, பிள்ளையின் கைப்பேசியில் அத்தகைய செயலியைக் கண்டால் உடனே கடிந்துகொள்ள வேண்டாம். அருகில் அமர்ந்து ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: “இந்தச் சுரங்கத்தின் மறுமுனை யாருடையது?” விடை தெரியாவிட்டால், அச்செயலியை இருவரும் சேர்ந்தே நீக்கிவிடுங்கள்.