தம் வீட்டாரிடமே சொன்னவர்கள்

பிறர் வீட்டுப் பாவத்தைக் கண்டித்தல் எளிது. தம் வீட்டுப் பாவத்தைத் தம் வீட்டாரிடமே எடுத்துரைத்தல் அரிது. குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மறையுரை ஆற்றிவரும் நாம் இதனை நன்கு அறிவோம். ஏரோதின் கொடுமையை விவரித்தால் கோவிலில் தலைகள் அசையும். கேட்போரின் கொடுமையைத் தொட்டால் அத்தலைகளே கவிழும். இறைவாக்கினர் எரேமியாவின் உயிரைப் பறிக்கத் தேடியவர்களுள் அவருடைய சொந்த ஊராகிய அனத்தோத்தின் மக்களும் இருந்தனர் அன்றோ! அந்த எரேமியாவின் பாதையில் நம் காலத்திலும் நடந்தவர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் வெள்ளையருள், ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுவோரிடையே தோன்றிய அத்தகைய சிலரை வாசக அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம்.

1652-இல் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய ஒல்லாந்தரின் மொழி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆசிய மக்களின் நாவிலும், அம்மண்ணின் பழங்குடியினரான கொய் மக்களின் நாவிலும் பயின்று புதுவடிவம் பெற்றதே ஆப்பிரிக்கான்ஸ். 1925-இல் அது ஆட்சிமொழி ஆயிற்று. 1933-இல் திருவிவிலியம் முழுவதும் அம்மொழியில் வெளிவந்தது. ஆப்பிரிக்கானர் எனப்படும் அவ்வெள்ளையர் துன்பம் அறியாதவர் அல்லர். 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரோடு நடந்த போரில், தடுப்பு முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்ட அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் ஏறத்தாழ 26,000 பேர். அத்தகைய மக்களின் கட்சியே 1948-இல் ஆட்சியைப் பிடித்து, ஏற்கெனவே ஒடுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள்மேல் இன ஒதுக்கல் என்னும் நுகத்தை இன்னும் இறுக்கிப் பூட்டிற்று. இதனினும் வேதனை, அவர்களுடைய டச்சுச் சீர்திருத்தச் சபை அந்நுகத்துக்கு மறைநூலிலிருந்தே சான்று காட்டியது. தாம் பட்ட துன்பம் மட்டுமே எவரையும் இரக்கமுள்ளவராக்கி விடுவதில்லை.

கறுப்பின மக்கள் எங்குச் சென்றாலும் அனுமதிப் புத்தகத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்னுமிடத்தில் மக்கள் கூடினர். காவலர் சுட்டதில், அரசுக் கணக்கின்படியே 69 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த நாள்களில், கேப்டவுனை அடுத்த நியாங்காவில் தாயின் கையிலிருந்த குழந்தையொன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயிற்று. அக்குழந்தையைப் பாடினார் இங்க்ரிட் யோங்கர் என்னும் இளங்கவிஞர். அவருடைய தந்தையோ ஆளுங்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். நூல்களைத் தணிக்கை செய்வதற்கான சட்டத்தை ஆராய்ந்த குழுவின் தலைவர். மகள் அத்தணிக்கையை எதிர்த்தார்.

நாம் ஆப்பிரிக்கான்ஸ் அறியோம். அக்கவிதையை மொழிபெயர்ப்பிலேயே படித்தோம். குழந்தையைச் சாவின் கையில் விட்டுவிட அது மறுக்கிறது. வளரச் செய்து உலகெங்கும் நடக்கச் செய்கிறது. அந்த நடைக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. உயிர்ப்பில் நம்பிக்கை கொண்ட நம்மை அக்கவிதை நெடுநேரம் மௌனத்தில் ஆழ்த்திற்று. மனத்துயர் மிகுந்த அப்பெண், 1965 ஜூலையில், தம் 31-ஆம் வயதில் கடலில் மூழ்கி மறைந்தார். அவரை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைப்போம்.

கவிஞர் ஒருபுறமிருக்க, மறையுரை மேடையிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. பெயர்ஸ் நௌடே 1915-இல் பிறந்தவர். சீர்திருத்தச் சபையின் போதகர். ஆப்பிரிக்கானர் தலைவர்களைப் பிணைத்த இரகசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர்; மகனும் 1940-இல் அதில் சேர்ந்தார். ஷார்ப்வில் அவருடைய மனச்சான்றை உலுக்கியது. 1963-இல் பல்லினக் கிறிஸ்தவர்களையும் இணைக்கும் கிறிஸ்தவ நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதன் இயக்குநராகும்படி அழைக்கப்பட்டார். அதனை ஏற்றால் போதகர் பதவி இல்லை என்றது சபை. அவ்வாண்டு செப்டம்பரில், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற திருத்தூதரின் மறுமொழியை எடுத்து ஜோஹனஸ்பர்க்கில் தம் சபையாருக்கு உரையாற்றி, மேடையை விட்டிறங்கினார். அம்மேடையை இழப்பது என்னவென்று, அதிலேயே வாழ்நாளைக் கழிக்கும் எமக்குத் தெரியும். 1977-இல் அரசு அந்நிறுவனத்தைத் தடைசெய்தது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோரைச் சந்திக்கலாகாது, அவர் சொற்களை எவரும் மேற்கோள் காட்டலாகாது என அவருக்கும் கட்டளையிட்டது. ஏழாண்டுகள் அவ்வாறே கழிந்தன. 2004-இல் அவர் இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கச் சடங்கு நடந்தது. அவருடைய சாம்பல், கறுப்பின மக்கள் வாழும் அலெக்சாண்ட்ராவில் தூவப்பட்டது.

பிரைட்டன் பிரைட்டன்பாக் என்னும் கவிஞர், வியட்நாமிய வழிவந்த பெண்ணை மணந்தார். அத்திருமணம் அவர் நாட்டுச் சட்டப்படி குற்றம்! பாரிஸில் வாழ்ந்த அவர், 1975-இல் இன ஒதுக்கலை எதிர்க்கும் இரகசியப் பணிக்காக வேற்றுப்பெயரில் நாடு திரும்பிப் பிடிபட்டார். ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1982 இறுதியில் விடுதலையானார். 2024-இல் மறைந்தார்.

1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவின் கறுப்பின மாணவர் வீதிக்கு வந்ததும், ஆப்பிரிக்கான்ஸ் வழியே பயில வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்தே. அச்சிறுவர்களும் சுடப்பட்டனர். அவர்கள் செவியில் அது ஒடுக்குவோரின் மொழி. அதே மொழியில், அது தாலாட்டிய மக்களே அநீதியை மறுத்துப் பேசியதால் அன்றோ, அம்மொழிக்கு நாணமின்றித் தலைநிமிர ஓரிடம் எஞ்சியது!

நாம் கத்தோலிக்கர், இதில் நமக்கென்ன என்று எண்ணுதல் தகாது. 1957-இல் தென்னாப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் இன ஒதுக்கலை இயல்பிலேயே தீயது எனக் கண்டித்தனர். அந்த அறிக்கையிலேயே, நம் பள்ளிகளிலும் குருமடங்களிலும் கன்னியர் மடங்களிலும் மருத்துவமனைகளிலும் அப்பிரிவினை நிலவுவதையும் ஒப்புக்கொண்டனர். அரசை நோக்கி நீட்டிய விரலைத் தம் பக்கமும் திருப்பியதே அவ்வறிக்கையின் மேன்மை.

1994 மே 24 அன்று, எல்லா இனத்தவரும் வாக்களித்துத் தேர்ந்த முதல் பாராளுமன்றத்தில் நெல்சன் மண்டேலா உரையாற்றியபோது, யோங்கரின் அக்கவிதையைப் படித்தார். அவர் ஆப்பிரிக்கானரும் ஆப்பிரிக்கரும் ஆவார் எனப் போற்றினார். தந்தை அமர்ந்த மன்றத்திலே மகளின் சொல் ஒலித்தது.

அன்பர்களே, தம் இனத்தைத் துரோகம் செய்தவர்கள் என இவர்கள் பழிக்கப்பட்டனர். உண்மையில் இவர்களே அதனை மிகுதியும் நேசித்தவர்கள். அயலார் சொன்னால் அவதூறு என்று தள்ளிவிடுவதை, மகன் சொன்னால் தாயால் எளிதில் தள்ள முடியாது. மருமகளிடம் வரதட்சணைப் பாக்கி கேட்கும் வீட்டில், அது பாவம் என்று முதலில் சொல்லவேண்டியவர் பங்குக் குரு அல்லர், அவ்வீட்டு மகனே. நம் வீட்டில் நாம் ஒருவரே சொல்லக்கூடிய சொல் எது எனத் தேடுவோம். அதனை அன்போடும் அச்சமின்றியும் நம் தாய்மொழியிலேயே சொல்வோம்.