அடுத்த பஸ்ஸில் யார் வர்றது?

பாஸ், உங்க வீட்டு ஃபேன் ஸ்விட்சைத் தட்டினா, எங்கேயோ சுத்துற ஒரு டர்பைனுக்கு அது தெரியும்னு சொன்னா நம்புவீங்களா? நம்புங்க. மூணாவது வருஷம் ட்ரிப்பிள் ஈ படிக்கிற ஆள் சொல்றேன்!

மேட்டர் சிம்பிள். எவ்வளவு கரண்ட் செலவாகுதோ, அந்த நொடியே அவ்வளவு உற்பத்தியும் ஆகணும். ஆளை அடைச்சுக்கிட்டு மேட்டுல ஏறுற டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. பாரம் கூடினா வண்டி திணறும். கிரிட்டும் அப்படித்தான். நம்ம நாட்டுல அதோட வேகம் 50 ஹெர்ட்ஸ். லோடு கூடினா அது குறையும். லோடு இறங்கினா எகிறும். எல்லை தாண்டினா ரெண்டுமே ஆபத்து.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கா? ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைக்கச் சொன்னாங்களே! ஸ்கூல் பையனான நான் மொட்டை மாடியில அகல் விளக்கோட நின்னேன். நாடு முழுக்க சுமார் 31,000 மெகாவாட் லோடு சரசரன்னு இறங்கிடுச்சு. நீர்மின் நிலையங்களைச் சட்டுனு குறைச்சு, திரும்ப ஏத்தி, கிரிட்டைக் காப்பாத்தினாங்க. ஸ்விட்சுகள் கூட்டணி போட்டா எவ்வளவு பலம் பாருங்க!

அந்தப் பலத்தைத் திட்டம் போட்டுப் பயன்படுத்தறதுக்குப் பேருதான் ‘டிமாண்ட் ரெஸ்பான்ஸ்’. பஸ் திணறினா ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாம். இல்லேன்னா, ‘அவசரம் இல்லாதவங்க அடுத்த பஸ்ல வாங்க’ன்னு சொல்லலாம். தண்ணி டேங்க் மோட்டார், ஏ.சி., எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர்... இதெல்லாம் கொஞ்ச நேரம் தள்ளிப் போனா குடி முழுகிடாது. சாயங்காலம் சோலார் படுத்துடும், வீடுகள்ல லைட் எரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்துக்கு இது பெரிய உதவி.

இதை கிளாஸ்ல ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’னு சொன்னப்போ, எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம்தான் வந்துச்சு. மும்முனை மின்சாரம் பகல்ல சில மணி நேரம், ராத்திரி சில மணி நேரம்னு முறை வச்சு வந்த காலத்துல, நடுராத்திரி டார்ச் லைட்டோட வரப்புல நடந்து போய் மோட்டார் போட்ட மனுஷன் அவர். கால்ல பாம்பு தட்டுப்படுமோன்னு சித்தி தூங்காம உட்கார்ந்திருப்பாங்க. ஊர் தூங்கினப்போ கிரிட்டைத் தாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்தானே? ஆனா, ‘அடுத்த பஸ்ல வர்றீங்களா’ன்னு அவரை யாரும் கேட்கல. இறக்கித்தான் விட்டாங்க.

‘இலவச கரண்ட்தானே, என்ன குறை?’ன்னு நீங்க கேட்கலாம். பணம் வாங்கலைங்கிறதுக்காக ஒருத்தரோட தூக்கத்தை எடுத்துக்க முடியுமா பாஸ்?

இன்னிக்கு நிலைமை வேற. மதியம் சோலார் கொட்டுது. பம்ப்செட்டுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தா கிரிட்டுக்கும் லாபம், விவசாயிக்கும் ராத்தூக்கம். 2023-ல் மத்திய அரசு திருத்தின விதிகள், வெயில் நேரத்துக்குக் குறைஞ்ச கட்டணம், பீக் நேரத்துக்குக் கூடுதல் கட்டணம்னு சொல்லுது. அதுல விவசாயம் சேராது. இலவச கரண்ட்டுக்குக் கட்டணத்தை ஏத்தி இறக்கவும் வழியில்லை. அதனால நேரத்தைத்தான் ஒழுங்கா கொடுக்கணும்.

மிச்ச பாரம் நம்ம பங்கு. டேங்க்கை மதியமே நிரப்புறது, ஸ்கூட்டரை சாயங்காலம் வந்ததும் சொருகாம பீக் முடிஞ்சு சார்ஜ் போடறது... நமக்கு இது ஒரு டைமர் வேலை. பாம்புக்குப் பயந்து வரப்புல நடக்க வேண்டியதில்லை. அடுத்த பஸ்ல இந்தத் தடவை நாம வரலாமே!