யாரை வைத்து அளந்தார்கள்?

ஆளுமைத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒருவரை எடைபோடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. உளவியலில் பேர்பெற்ற எம்.எம்.பி.ஐ. தேர்வையே எடுத்துக்கொள்வோம். ஸ்டார்க் ஹாத்வேயும் மெக்கின்லியும் உருவாக்கி 1943-ல் வெளியிட்டது. அதில் ‘இயல்பான மனிதர்’ என்று வைத்துக்கொண்டது யாரை? பெரும்பாலும், மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தபந்தங்களை. அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள், சராசரியாக எட்டாம் வகுப்புப் படிப்பு. 1989-ல் திருத்திய பதிப்பு வரும்வரை கறுப்பினத்தவரையும் அந்த அளவுகோலில்தான் அளந்தார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அந்தத் தேர்விலேயே பொய்யைக் கண்டுபிடிக்க 15 வாக்கியங்கள் உண்டு. எப்போதாவது கோபம் வரும் என்பது போன்ற, எல்லோருக்கும் உள்ள சின்னச் சின்னக் குறைகள். அத்தனையையும் ‘எனக்கு இல்லை’ என்றால் நல்லவர் வேஷம் போடுவதாகச் சந்தேகம் வரும். ஆனால் கட்டுப்பெட்டியான வீட்டில், பக்தியோடு வளர்ந்தவர் மனசாரவே அப்படிச் சொல்லக்கூடும். அனுபவமுள்ள உளவியலாளர் எதிரில் உட்கார்ந்து, வளர்ந்த கதையைக் கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்வார்.

உங்கள் பிள்ளைக்கு யாராவது இப்படி ஒரு அறிக்கை கொடுத்தால், விளக்கிச் சொல்ல உளவியலாளர் யார் என்று கட்டாயம் கேளுங்கள்.