கெசட்டில் பெய்த மழை

1996இல் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்ற, கண்டியிலும் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்கள். கட்டுக்கலையில் எங்கள் வீட்டில் பொழுதைத் தள்ள மாமாவின் கெசட் செட்தான் கதி. செத்த பெட்டரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மணி நேரம் உயிர் வாங்குவது என் வேலை.

ஒரு பின்னேரம் மாமா ரெக்கோடிங் பாரில் அடித்துவந்த கெசட்டைப் போட்டார். சோவென்று மழை, இடி, தூரத்தில் கோவில் மணி. ஆயா கொடித் துணியை எடுக்க ஓடினார். திரும்பி வந்து மாமாவைத் திட்டிய திட்டு அந்தக் கெசட்டில் பதிவாகியிருக்க வேண்டியது.

பிளாக் சபாத் என்ற ரொக் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு அது. ஒரே நாளில் பதிவாகி, 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. பிற்பாடு டூம் மெட்டல் என்ற இசைவகையாகக் கிளைத்ததற்கெல்லாம் விதை இதில்தான் விழுந்தது என்பார்கள். மழை ஓய்ந்ததும் கித்தார் இறங்கும்: மூன்றே சுரம், அவ்வளவு மெதுவாக. எங்கள் பெட்டரியோ அதையும் இழுத்து, பாடகர் ஓஸியின் குரலைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் நிறுத்தவிடவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப்பார்த்தாள். “மாமா, சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம். பஞ்சமத்தைத் தொடவே இல்லை, அதுதான் மனசு உட்காரமாட்டேங்குது.” சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவிலான இந்த இடைவெளியை ஐரோப்பாவில் பிசாசின் சுரம் என்பார்களாம். நம் மேளகர்த்தா ராகங்களில் சரிபாதி, 36, அந்த மத்திமத்தோடுதான் குடித்தனம் நடத்துகின்றன.

கித்தார்காரர் டோனி ஐயோமியின் கதையை மாமா சொன்னார். பதினேழு வயதில், பேர்மிங்ஹாம் தகட்டுத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலக்கையில் இரண்டு விரல்நுனிகளை இயந்திரம் கொண்டுபோயிற்று. இடக்கைக்காரர் என்பதால் தந்தி அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து, தோல் ஒட்டி, மெல்லிய தந்தி பூட்டித் திரும்பவும் வாசித்தார். அக்கா, வீணை அழுத்திக் காய்த்துப்போன தன் விரல்களைத் தடவிக்கொண்டு, “இன்னொரு தரம் போடுங்க” என்றாள்.

அந்த நவராத்திரிக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் அவளுடைய வீணை. சுருதி சேர்க்கிற சாக்கில் அந்த மூன்று சுரங்களையும் ஒருமுறை மீட்டினாள். கூட்டத்தில் மாமா மட்டும் பலமாகக் கைதட்ட, குருக்கள் திரும்பிப் பார்த்தார்.