பேருந்து வீடும் மூச்சுக்காற்றும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, ஏவன் நதிக்கரையில் அமைந்த பழம்பெரும் துறைமுக நகரம் பிரிஸ்டல். அந்நகரில் ‘டவுன்ஸ்’ எனப்படும் பரந்த புல்வெளி ஒன்றுண்டு. அண்மைய ஆண்டுகளில் அதன் ஓரச் சாலைகளில் வேன்களும் காரவன்களும் ஓடி ஓய்ந்த பேருந்துகளும் வரிசையாக நின்றன. அவை கைவிடப்பட்ட வண்டிகளல்ல, அன்பு வாசகர்களே. மனிதர் குடியிருந்த வீடுகள்! விரும்பி வந்தோர் சிலர். ஏறிவிட்ட வீட்டு வாடகையைக் கொடுக்க இயலாமல் வந்தோர் பலர்.

அத்தகைய பேருந்து வீடொன்றில் குளிர்கால வைகறையில் ஏறிப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மழையே பெய்திராது. எனினும் கண்ணாடிகளில் நீர் வழியும். இரும்புச் சட்டங்கள் வியர்த்திருக்கும். மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்புள்ளிகளாய்ப் பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

இந்நீர் எங்கிருந்து வந்தது? உறங்கியவர்களின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும்தான்! ஒருவர் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை இவ்வாறு வெளியிடுகிறார். நால்வர் உறங்கினால் ஒரு லிட்டர். சமையல் எரிவாயுவும் சளைத்ததன்று. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கும்.

20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராமையே தாங்கும். ஆகவே, ஈரம் நிறைந்த வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் எஞ்சியதைத் துளிகளாக உதிர்த்துவிடுகிறது.

“அப்படியானால் வெளியிலுள்ள குளிர்காற்றை உள்ளே விடலாமா?” என்று நீங்கள் வினவலாம். விடத்தான் வேண்டும்! அக்காற்றில் நீராவி குறைவு. உள்ளே வந்து சூடேறியதும் அது மேலும் ஈரத்தை ஏற்கும் ஆற்றல் பெற்று, வெளியேறும்போது அதையும் சுமந்து செல்கிறது. எனவே தாழ்வாக ஒரு திறப்பும் கூரையில் மற்றொரு திறப்பும் எந்நேரமும் இருத்தல் அவசியம். அடுப்புக்கு மேலே காற்றை வெளியேற்றும் விசிறி வேண்டும்.

இரும்புச் சுவருக்கும் உட்பலகைக்கும் இடையே வெப்பக்காப்புப் பலகையை இடைவெளியின்றி ஒட்டுதல், இரவில் கண்ணாடிகளை அத்தகைய பலகைகளால் மறைத்தல், காற்றுப் புகும்படி இடைவெளி விட்ட மரச்சட்டங்களின் மீது மெத்தையை இடுதல், காலையில் கண்ணாடியைத் துடைத்துத் துணியை வெளியே பிழிதல் ஆகியன ஏனைய வழிகள். ஈரப்பத மானி 60 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் பூஞ்சணத்துக்கு வாழ்வு கடினம்.

குளிருக்கு அஞ்சித் திறப்புகளை அடைத்துவிட்டு எரிவாயுக் கணப்பை ஏற்றிக்கொண்டு உறங்குவதோ பேராபத்து. ஈரம் பெருகுவதோடு, மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடக்கூடும். உறங்கச் செல்லும்போது நெருப்பை எரியவிடலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோமல்லவா? புகைபோக்கியுள்ள கணப்பும் நச்சுவாயு எச்சரிக்கைக் கருவியும் அங்கே இன்றியமையாதவை.

பூஞ்சணம் வெறும் அழகுக்கேடன்று. அதே இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ராச்டேல் நகரில், சூடான் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த அவாப் இஷாக் என்னும் பாலகன் 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில் இறந்துபோனான். அவன் வாழ்ந்தது பேருந்திலன்று, வாடகைக் குடியிருப்பில். பூஞ்சணம் பற்றி முறையிட்ட தந்தைக்கு, அதன்மேல் வண்ணம் பூசுமாறு கூறப்பட்டது. நீண்டகாலம் பூஞ்சணக் காற்றைச் சுவாசித்ததால் நேர்ந்த சுவாசநோயே மரணத்துக்குக் காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். காற்றோட்டம் போதாமையும் சுட்டிக்காட்டப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சமூகக் குடியிருப்புகளை நடத்துவோர் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் கவனித்தாக வேண்டுமென அது கட்டாயப்படுத்துகிறது.

பேருந்தில் வாழ்வோருக்கோ அச்சட்டத்தின் நிழலில்லை. திறந்து வைத்த சிறு துவாரமே அவர்களுக்குக் காவல். சுவரில் கறை தோன்றினால் வண்ணத்தைத் தேடாமல், காற்று வெளியேற வழியுண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை. வல்ல அல்லாஹ் எல்லோருடைய குழந்தைகளுக்கும் தூய காற்றுள்ள இல்லங்களை அருள்வானாக! ஆமீன்.